நடுவில் நிற்கும் குரல்

கடையில் சவரியம்மாள் வாயே திறக்கவில்லை. ஆனாலும் பிலவேந்திரன் திரும்பிப் பார்த்து, "இன்னா சொன்ன?" என்று கேட்டார்.

அவள் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள்.

"கூப்ட்டியே, ஏங்கன்னு."

"நான் கூப்புடலீங்க."

அது அவருக்குக் கேட்கவில்லை. சிரித்தபடியே மறுபடி டிவிகள் வரிசையாக மாட்டியிருந்த சுவரைப் பார்க்கத் தொடங்கினார். கணவருக்குக் காது மந்தமாகி வருஷக்கணக்காகிறது. நிலக்கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லில் மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்ததில், அந்தத் தடதடப்பு காதுக்குள்ளேயே குடியேறி மற்ற சத்தங்களை வெளியே தள்ளிவிட்டிருந்தது. காதில் மாட்டுகிற மிஷின் ஒன்றை மகள் ஜெனிபர் சென்னையிலிருந்து வாங்கி அனுப்பினாள். உள்ளே கூவுது என்று ஒரே நாளில் கழற்றி பீரோவில் போட்டவர்தான். தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பாத மனிதர் அவர். கூப்பிடாதபோது திரும்பியதுதான் அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற தனகோட்டியின் கடைக்கு அவர்கள் வந்ததே இந்தக் காதுக்காகத்தான். வீட்டு டிவியில் படம் பளிச்சென்று தெரியும். பேச்சு மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். பிலவேந்திரன் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார். சிங்கவரம் ரோட்டில் போகிறவர்களெல்லாம் அவர்கள் வீட்டுச் செய்தியைக் கேட்டுக்கொண்டு போவார்கள்.

"புது டிவியெல்லாம் அப்பளம் மாதிரி ஒல்லியா இருக்குது இல்லக்கா, ஸ்பீக்கருக்கு உள்ள எடமே இல்ல" என்று தனகோட்டி விளக்கினான். "இருக்குற குட்டி ஸ்பீக்கரும் பின்னால செவுத்தப் பாத்துக்கினு பேசுது. மனுஷனுக்கு எப்டிக் கேக்கும்?"

முதலில் அவன் காட்டியது மூலைக்கு ஒன்றாக வைக்கிற ஹோம் தியேட்டர். சண்டைக் காட்சியில் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. பேசுகிறபோது பிலவேந்திரன் முகத்தில் மாற்றமே இல்லை. அடுத்து ஒரு சின்ன சவுண்ட்பார். அதற்கும் உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவது, டிவியின் அகலத்துக்கு நீளமாக இருந்த ஒன்று. பேச்சை மட்டும் தூக்கிக் கொடுக்க அதில் தனிப் பட்டன் உண்டு என்று சொல்லி தனகோட்டி அதை அழுத்தினான். அப்போதுதான் அவர் அவள் பக்கம் திரும்பி, இன்னா சொன்ன என்று கேட்டார்.

"இதான். இதுலதான் சுத்தமா கேக்குது" என்றார், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில்.

முதல் சில நாட்கள் நிம்மதியாகத்தான் போயின. பிலவேந்திரன் நகைச்சுவைக் காட்சிகளுக்குச் சரியான நேரத்தில் சிரித்தார். அவள் சமையலறையில் இருந்தபடியே அந்தச் சிரிப்பைக் கேட்டு, தானும் சிரித்துக்கொண்டாள். மலைக்குப் பக்கத்து வீடு அது. சாயங்காலமானால் ராஜகிரியின் நிழல் வெயில் இறங்குவதற்கு முந்தியே வந்து வாசலில் படுத்துவிடும், பகலெல்லாம் காய்ந்த பாறைகள் வெம்மையைத் திருப்பிக் கொடுக்க, சுண்ணாம்பும் காய்ந்த புல்லும் கலந்த ஒரு வாசனை ஜன்னல் வழியே கூடம்வரை வந்து நிற்கும், கீழே வயலில் தண்ணீர் பாய்ச்சுகிற மோட்டார் ஓடி ஓடி அடங்கும். அந்த நேரத்தில்தான் ஒரு நாள் அவர் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"பூட்டிட்டேன் சவரி!"

கையில் அவரைக்காயோடு எட்டிப் பார்த்தாள். "இன்னாத்த?"

அவள் உதட்டசைவைப் பார்த்து அவர் சொன்னார், "பின்கதவத்தான். நீதான பூட்ட சொன்ன."

அவள் சொல்லவில்லை. ஆனால் பின்கதவு பூட்டியிருந்தது.

மறுநாள் பாலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்திருந்தார். இன்னொரு நாள் மொட்டை மாடியில் காயப்போட்ட மிளகாயை அள்ளிக்கொண்டு வந்தார். நீதான சொன்ன. நீதான சொன்ன. எல்லாமே அவள் சொல்லியிருக்கக்கூடியவைதான். அங்கன்வாடியில் பிள்ளைகளைக் கூப்பிட்டே தடித்துப்போன குரல் அவளுடையது. கணவரிடம் எதற்கெடுத்தாலும் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பது அவள் பழக்கம். அதனால் முதலில் தன் மறதியைத்தான் சந்தேகப்பட்டாள்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் ஒரு சாயங்காலம் சத்தமில்லாமல் போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். டிவியில் சோப்பு விளம்பரம். "ஏங்க" என்றாள். அசைவில்லை. இன்னும் உரக்க, "ஏங்க!" தரையை மிதித்துப் பார்த்தாள். கழுத்துகூடத் திரும்பவில்லை.

விளம்பரம் மாறியது. பிலவேந்திரன் தலையை நிமிர்த்தினார். டிவியைப் பார்த்து, "தோ வரேன்" என்றார். எழுந்து, பின்னால் நின்றவளைக் கவனிக்காமலே சமையலறைக்குள் போனார். உள்ளே அவர் கேட்டது கூடத்தில் நின்ற அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"எங்க போன? இங்கதான கூப்ட்ட?"

சவரியம்மாள் எட்டி டிவியை அணைத்தாள்.

அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டு மீனம்பாள் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். "இன்னாக்கா, காலைல ஃபுல்லா பேசிக்கினே இருந்தீங்க. யாரு ஊர்லேர்ந்து?"

அன்று காலை முழுக்க சவரியம்மாள் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள்.

"டிவியா இருக்கும்" என்றாள்.

"டிவி சத்தமும் கேட்டுதுக்கா. நடுவுல உங்க குரலு எனக்குத் தெரியாதா?"

சவரியம்மாள் அந்தச் சவுண்ட்பாரை அட்டைப்பெட்டியில் போட்டுக் கடைக்கு எடுத்துப்போனாள். ஏதோ வேறு சத்தம் கலந்து வருது, மாத்திக் குடு என்று கேட்டாள். தனகோட்டி போட்டுப் பார்த்தான். எந்தக் கோளாறும் இல்லை. ஆனாலும் தெரிந்த அக்கா என்பதால் மறுக்கவில்லை. "பார்தான் புடிக்கலன்னா ஜோடி ஸ்பீக்கர் எடுத்துக்குங்க. இதுல கூட்டல் கொறச்சல் கெடையாது, வர்றது அப்டியே வரும்." அவனே வீட்டுக்கு வந்து, டிவிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெட்டியாக வைத்தான். பிலவேந்திரன் ஆசையோடு பக்கத்திலேயே நின்றார். இன்னும் நல்லா கேக்குமா, இன்னும் நல்லா கேக்குமா என்று இரண்டு தடவை கேட்டார்.

"ரெண்டும் சமதூரம் இருக்கணும்ணே. நீங்க இதோ, இந்த எடத்துல நேரா உக்காரணும்" என்று நாற்காலியை நகர்த்தினான் தனகோட்டி. "அப்பதான் குரல் பெட்டில இருந்து வராது. நடுவுல நிக்கும். ஆள் நின்னு பேசுற மாதிரி."

ஒரு செய்தியைப் போட்டுக் காட்டினான். அவன் சொன்னது உண்மைதான். பெட்டிகளில் பேச்சே இல்லை. கூடத்தின் நடுவில், டிவிக்கும் நாற்காலிக்கும் இடையில், வெறும் இடத்தில் யாரோ பேசினார்கள். சவரியம்மாள் தன்னையறியாமல் அங்கே கையை நீட்டினாள். வெறும் காற்று. ஆனாலும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அவள் அதைப் பார்த்துவிட்டாள். பிலவேந்திரனின் கண் டிவியில் இல்லை. டிவிக்கு முன்னால், சற்று இந்தப் பக்கம், காற்றில் ஒரு இடத்தில் நின்றது. எதிரில் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்க்கிற பார்வை. உதட்டை அசைக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு மெதுவாகத் திரும்பி, சமையலறை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். மறுபடி அந்த இடத்தைப் பார்த்தார். மறுபடி அவளை.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

அதிலிருந்து அவர் அவள் கையால் சாப்பிடவில்லை. பன்னும் வாழைப்பழமும் தானே போய் வாங்கி வந்தார். அவள் கூடத்துக்குள் வந்தால் கால்களை இழுத்துக்கொண்டார். ஒரு தடவை காப்பி டம்ளரை நீட்டியபோது, நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் விரல் வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். வாய் முணுமுணுத்தது. இத்தனை வருஷம் தன்னோடு ஒரே பாயில் படுத்த மனிதர் தன்னைப் பார்த்துச் சிலுவை போடுவதை அவள் டம்ளரும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெனிபருக்குப் போன் போட்டாள். "நைனாவுக்கு வயசாவுதும்மா. அதான்" என்றாள் மகள். "பாப்பாவுக்கு லீவு வுட்டதும் அழைச்சிக்கினு வரேன். பாண்டிச்சேரில நல்ல டாக்டரா பாத்துக் காட்டலாம். நீ டென்ஷன் ஆவாத."

அந்த லீவு வரை பொறுக்க அவளால் முடியவில்லை. காது கேட்காவிட்டால் என்ன, கண் இருக்கிறதே என்று நினைத்தாள். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள்: பேசுறது நான் இல்ல. நான் இங்க நிக்கிறேன். அவர் முன்னால் போய் நீட்டினாள்.

படித்தார். முகம் வெளுத்துப்போனது.

"நீ இப்டி எழுதிக் காட்டுவன்னு அவ முன்னாலயே சொல்லிட்டா" என்றார்.

யாரு? என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

"சவரி."

அந்தப் பேரைச் சொல்லும்போது அவர் கண் நடு இடத்துக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மாதா கோயில் பூசைக்குப் போனதும் சவரியம்மாள் வேலையை ஆரம்பித்தாள். வயர்களைப் பிடுங்கினாள். பெட்டிகள் இரண்டையும் கோணிப்பையில் திணித்து, பின்பக்கம் பாறையோரமாக இழுத்துப் போட்டாள். டிவி பிளக்கையும் கழற்றி, வயரைச் சுருட்டிப் பரணில் எறிந்தாள். கூடம் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. பெட்டிகள் இருந்த இடத்தில் தூசி படியாத இரண்டு சதுரங்கள். காகம் கத்துவது கேட்டது. தன் மூச்சு கேட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்கு அழுகை வந்தது. அழுதுவிட்டு, மீன் குழம்பு வைத்தாள்.

பூசையிலிருந்து வந்தவர் கூடத்தைப் பார்த்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ தனகோட்டி நகர்த்தி வைத்த அதே இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கறுத்துக் கிடந்த டிவிக்கு முன்னால் பகலெல்லாம் அப்படியே இருந்தார். சோறு போட்டு வைத்தாள். ஆறிப்போனது.

மலை நிழல் வாசலுக்கு வந்தது. காற்று கிளம்பியது, பாறை இடுக்குகளில் புகுந்து புறப்பட்ட காற்று ஊளைபோல எழுந்து, கொடியில் கிடந்த துணிகளைச் சுருட்டிச் சுருட்டி அடித்தது. துணி எடுக்கலாமென்று சவரியம்மாள் வெளியே போனாள். புடவையைக் கொடியிலிருந்து உருவித் தோளில் போட்டுக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள் யாரோ பேசுவது கேட்டது.

ஒரு பெண்.

ஜெனிபர் எப்போதோ போனில் எடுத்த வீடியோவில் தன் குரலை அவள் கேட்டிருக்கிறாள். இதுவா என் குரல் என்று அப்போது சிரித்திருக்கிறாள். அதே குரல். அதே தடிப்பு. வார்த்தை முடிகிற இடத்தில் அதே இழுப்பு.

"போய்ட்டுது. சீக்கிரம் பூட்டுங்க."

புடவை கீழே விழுந்தது.

ஓடினாள். கிரில் கேட்டை அவள் தொடுவதற்குள் அந்தப் பக்கம் பூட்டு விழுந்தது. கம்பிகளுக்கு நடுவே கணவரின் முகம். அவர் அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சாவியை உருவினார். கழுத்தில் ஜெபமாலை தொங்கியது. கதவையும் சாத்திக்கொண்டார்.

"ஏங்க! நான்தாங்க! ஏங்க!"

தாழ்ப்பாள் சத்தம்.

பக்கத்து வீட்டைப் பார்த்தாள். மீனம்பாள் வீட்டில் பூட்டுத் தொங்கியது. மண்டகப்பட்டில் ஏதோ விசேஷமென்று காலையிலேயே சொல்லியிருந்தாள். ரோட்டில் ஆளில்லை. சுற்றிக்கொண்டு கூடத்து ஜன்னலுக்கு ஓடினாள். ஒரு கதவு திறந்திருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

டியூப் லைட் எரிந்தது. டிவி கறுப்பாக இருந்தது. ஸ்பீக்கர்கள் இல்லை. வெறும் சதுரங்கள். பிலவேந்திரன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஜன்னலுக்கு முதுகு. கூடத்தில் வேறு யாரும் இல்லை.

"திரும்பாதீங்க" என்றது அவள் குரல். நடுக்கூடத்திலிருந்து. "ஜன்னலாண்ட வந்து நிக்குது."

"என்னைப் பாருங்க!" சவரியம்மாள் கத்தினாள். கம்பியில் தட்டினாள். வளையல் உடைந்தது.

"கத்துதா?" என்று அவர் கேட்டார்.

"கத்துது. ஆனா உங்களுக்குக் கேக்காது. நான் இருக்கேன் இல்ல."

அவர் தலையாட்டினார். குழந்தை மாதிரி.

இடுப்பில் செருகியிருந்த போன் ஞாபகம் வந்தது. அவர் எண்ணை அழுத்தினாள். உள்ளே அவர் மடியில் போன் ஒளிர்ந்தது, அதிர்ந்தது. எடுத்தார். காதில் வைத்தார்.

"ஏங்க, நான் சவரி. வெளிய நிக்கிறேன். திரும்பிப் பாருங்க. ஒரு தடவ, மாதா மேல சத்தியமா, ஒரே ஒரு தடவ..."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "யாரு? ஒண்ணும் கேக்கலியே."

"வச்சிடுங்க" என்றது நடுக்கூடம். "அதான் பேசுது."

வைத்துவிட்டார்.

காற்று நின்றது. மோட்டார் சத்தமும் இல்லை. தன் மூச்சுகூட அவளுக்குக் கேட்கவில்லை. அந்தக் குரல் மட்டும்தான் கேட்டது. அவசரமில்லாமல். வீட்டுக்காரியாக.

"ஜெனிபருக்குப் போடுங்க. நான் பேசணும்."

வேண்டாம். சவரியம்மாள் மகளின் எண்ணைத் தேடினாள். விரல் வழுக்கியது. தப்பான பேர். மறுபடி. அழுத்தினாள். நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்று பதிவு செய்த குரல் சொன்னது. துண்டித்தாள். மறுபடி போட்டாள். வேறொரு அழைப்பில் இருக்கிறார். வேறொரு அழைப்பில்.

உள்ளே போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"சொல்லு நைனா" என்றாள் ஜெனிபர்.

"அம்மா பேசணும்னுது. இரு."

பிலவேந்திரன் எழுந்தார். மெல்ல முன்னால் நடந்து, கூடத்தின் நடுவில் நின்றார். போனைப் பிடித்த கையை வெறும் காற்றில் நீட்டினார். நீட்டிய கையைச் சற்றுத் தாழ்த்தினார். சவரியம்மாளின் உயரம் அது.

"ஜெனிபரு" என்றது குரல். "லீவு வரைக்கும்லாம் இருக்காத. பாப்பாவ அழைச்சிக்கினு நாளைக்கே வந்துடு."

"இன்னாம்மா திடீர்னு? நைனாவுக்கு ரொம்ப முடியலியா?"

"நைனா நல்லாத்தான் இருக்காரு. பாப்பாவப் பாக்கணும் போல இருக்குது. அதான்."

"ஜெனிபரு, வராத!" சவரியம்மாள் ஜன்னல் கம்பிகளுக்கு இடையே முகத்தைத் திணித்தாள். கன்னத் தோல் உரிந்தது. "வராதடி! அது நான் இல்ல!"

ஒருவரும் திரும்பவில்லை.

"சரிம்மா. காலைல பஸ் ஏறிடுறேன். இரு, பாப்பா பேசணுமாம்."

ஏதோ உரசல். பிறகு பேத்தியின் குரல், கூடம் முழுக்க. "ஆயா! எனக்கு இன்னா வச்சிருக்க?"

"வா, காட்டுறேன். உன்கிட்டதான் காட்டணும்னு வச்சிருக்கேன்."

பிலவேந்திரன் ஆடாமல் அசையாமல் போனை ஏந்திக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் மில் வேலைக்குப் போவதற்கு முந்தைய காலத்துச் சிரிப்பு. போனுக்குள் பாப்பா சிரித்தாள். யாருமே இல்லாத அந்த இடத்திலிருந்து சவரியம்மாளின் சிரிப்பு எழுந்து, பாப்பாவின் சிரிப்போடு சேர்ந்துகொண்டது.